காப்புக் கட்டுமுன் திறந்த கிட்டார்

மலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். முதுகில் கருவிப் பை, கையில், வேலைக்குப் போன வீட்டுப் பெண் பச்சையம்மா இலையில் கட்டிக் கொடுத்த களி உருண்டை. திரும்பிப் பார்த்தால் அவர்கள் வீடு தெரிந்திருக்கும். நான் திரும்பவில்லை. பொழுது சாய்வதற்குள் ஊர் எல்லையைத் தாண்டிவிட வேண்டும் என்று கல் தடுக்கத் தடுக்க நடந்தேன். அதுவரை நான் செய்ததிலேயே மோசமான வேலையைச் செய்துவிட்டு, அதைச் செய்தது நான் இல்லை என்று சொல்லிவிட்டும் வந்திருந்தேன்.

சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் என்னிடம் சாலிடர் வைப்பதைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதை உங்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். உங்களுக்குச் சர்க்யூட் சொல்லித்தரும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் ஒரு பொருளைக் கெடுத்துவிட்டால் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது எனக்கு ஐம்பது வயது இருக்கும். நெல்லிவாசல்நாட்டு மலைப் பக்கம் ஊர் ஊராகப் போய் மிக்ஸி, டார்ச், மைக்செட் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். சில இடங்களுக்கு ஷேர் ஜீப் போகும், பல இடங்களுக்கு நடைதான். எந்த ஊரிலும் இரண்டு நாளுக்கு மேல் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஆற்காட்டில் ஒரு ரேடியோ கடையில் நல்ல முதலாளி ஒருவர் இருந்தார். பொருளைக் கொண்டுவந்தவரிடம் மூன்று கேள்வி கேட்காமல் ஸ்க்ரூ டிரைவரைத் தொடமாட்டார். அவரிடமிருந்தும் நான்கே மாதத்தில் கிளம்பிவிட்டேன். கேள்வி மூன்றையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன் என்று நினைக்கிறேன்.

அந்த ஊரில் அண்ணாமலை என்பவர் ஆள் அனுப்பியிருந்தார். போய்ப் பார்த்தால் அவர் மடியில் ஒரு ஹவாயன் கிட்டார். சாதாரண கிட்டாரைப்போல மார்பில் அணைத்து வாசிப்பது இல்லை. மடியில் படுக்கவைத்து, இடது கையில் பிடித்த இரும்புத் துண்டைக் கம்பிகள்மேல் வைத்து இழுக்க வேண்டும். கரண்டில் ஓடுவது. அறுபது எழுபது வருடப் பழசு, வெளிநாட்டுச் சரக்கு. வார்னிஷ் வெடித்திருந்தது. கம்பிகள் மட்டும் புதிதாகப் பளபளத்தன.

அண்ணாமலையின் இடது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும்தான் இருந்தன. தேன் எடுக்கப் போன இடத்தில் கரடி மற்றதைக் குதறிவிட்டது. அதற்கு முன்பு ஊரில் பம்பை அடித்தவர் அவர். வேலூர் ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் படுத்திருந்த ஒரு பழைய பாட்டுக் கச்சேரிக்காரர், ‘ரெண்டு விரல் இருந்தாப் போதும், ஹவாயன் கிட்டாரு வாசிக்கலாம்’ என்று சொல்லி, பிறகு தன் கிட்டாரையே கொடுத்துவிட்டார். சைக்கிள் டியூபை வெட்டி, இரும்புத் துண்டை உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மூன்று வருடம் பழகியிருக்கிறார்.

வருடா வருடம் அம்மன் திருவிழாவுக்குச் செங்கத்திலிருந்து ஒரு பாட்டுக் குழு வரும். அந்த வருடம் ஊர்க் கூட்டத்தில் அண்ணாமலை எழுந்து, ‘அவங்க வேணாம், நான் வாசிக்கிறேன்’ என்று சொல்லியிருந்தார். யாரோ சிரித்தார்களாம். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் மட்டும் சரி என்று ஒப்புக்கொண்டு, குழுவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் போனது திருவிழாவின் முதல் நாள். சாயங்காலம் காப்புக் கட்டியதும் அவர் வாசித்தாக வேண்டும். கிட்டார் இரண்டு நாளாகப் பேசவில்லை.

“சத்தம் கூட்டற திருகு இருக்குதில்ல, அத்த ஒரு எடத்துல புடிச்சா பேசுதுங்க. வுட்டா ஊமையாயிடுது” என்றார் அண்ணாமலை.

இந்த வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் கிட்டாரைத் திருப்பிப் போட்டுத் திருகாணியைக் கழற்றத் தொடங்கிவிட்டேன். காரணம், அதே நேரத்தில் வெளியே பறை அடித்துச் சொல்லிக்கொண்டு போனார்கள்: “பொழுது சாய காப்புக் கட்டறோம்! வெளியூரு போறவங்க போயிடுங்க! கட்டிட்டா எட்டு நாளைக்கு எல்லை தாண்டக் கூடாது!”

காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை ஊர்க்காரர் யாரும் வெளியே இரவு தங்கக் கூடாது. உள்ளே இருக்கிற வெளியூர்க்காரனும் கிளம்பக் கூடாது. மீறினால் ஊருக்குக் கேடு என்று நம்பிக்கை. எட்டு நாள் ஒரே ஊரில் இருப்பதா என்று எனக்குக் காலெல்லாம் நமைச்சல் எடுத்துவிட்டது. மணி பன்னிரண்டு ஆகியிருந்தது.

ஒயர் செருகுகிற துளையில் மீட்டரை வைத்தேன். முள் அசையவில்லை. காயில் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். கம்பிகளுக்கு அடியில் காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும். கிட்டாருக்கு அதுதான் தொண்டை. மேலே பழைய துணி டேப் ஒட்டியிருந்தது. அதைப் பிடித்து உரித்தேன். டேப்பின் பசை கம்பியோடு இறுகிப் போயிருந்தது. உரித்த டேப்போடு சேர்ந்து செம்புக் கம்பி கற்றையாக வந்தது, கத்திரித்த முடி மாதிரி.

பிறகு காயிலின் இரண்டு முனையில் நேராக மீட்டரை வைத்துப் பார்த்தேன். முதலில் செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்தேன். இப்போது அது நிஜமாகவே செத்திருந்தது. அதற்கு முன்பு உயிரோடு இருந்ததா என்று தெரிந்துகொள்ள வழியில்லாமல் செய்துவிட்டேன். ஆனால் உள்ளூர எனக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணாமலை எனக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். என் முதுகு மறைத்ததால் அவருக்குத் தெரியவில்லை.

“காயில் போச்சுங்க. ரொம்பப் பழசு. வேலூர் போய்ச் சுத்திட்டு வரணும். இந்தத் திருவிழாவுக்கு நடக்காது” என்றேன்.

அவர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். “எல்லாம் என் நேரம்” என்று மட்டும் சொன்னார். கையில் கட்டியிருந்த டியூபை அவிழ்த்து மடித்து வைத்தார். அவர் மனைவி பச்சையம்மா, “வெயில்ல போறீங்களே ண்ணா, வழியில துன்னுங்க” என்று களியை இலையில் கட்டிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். அந்த நடையைத்தான் முதலில் சொன்னேன்.

எல்லைக் கல்லைத் தாண்டி அரை மணி நேரம் நடந்திருப்பேன். கீழேயிருந்து ஜீப் ஒன்று முனகிக்கொண்டு ஏறி வந்தது. உள்ளே வாழைத்தார், சீரியல் விளக்குச் சுருள், ஒரு ஜெனரேட்டர். முன்னால் ஊர்க்கவுண்டர். பெரிய மீசை, வியர்த்த சட்டை. காலையில் டீக்கடையில் என்னைப் பார்த்திருந்தார்.

“இன்னா மேஸ்திரி, நம்ம அண்ணாமல பொட்டி ரெடியா?”

“ஆயிடுச்சுங்க” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? ஜீப் நின்றால் பேச வேண்டும். ‘ஆயிடுச்சு’ என்றால் போய்விடும். வேறு காரணம் கிடையாது.

“ஆயிடுச்சா! அப்பாடா! ஊர்ல நாலு பேரு என்னத்தான் திட்னு கீறாங்க, மொண்டிக் கையனை நம்பி கச்சேரிய நிறுத்திட்டான்னு. அவன் வாசிக்கலன்னா நானே மைக்க புடிச்சுப் பாட வேண்டிதுதான்னு இருந்தேன்” என்றார்.

“நீ பாடுனா ஆத்தா எறங்கி ஓடிடுவா மாமா” என்றார் டிரைவர்.

சிரித்துக்கொண்டே போனார்கள். தூசி அடங்கும்வரை நின்றேன். இன்னும் இருபது நிமிடத்தில் கவுண்டர் ஊருக்குள் போய், கிட்டார் ரெடி என்று எல்லோருக்கும் சொல்வார். நேராக அண்ணாமலையிடம் போய், ‘எங்க, வாசி பாக்கலாம்’ என்பார். அண்ணாமலை இல்லை என்பார். வாசிக்கப் பயந்துகொண்டு பழுது என்று சாக்குச் சொல்கிறான் என்றுதான் ஊர் பேசும். கிட்டாரைக் கெடுத்ததோடு அந்த மனிதனைப் பொய்யனும் ஆக்கிவிட்டேன்.

இப்படியே செங்கம் போயிருக்கலாம். அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. வாழ்க்கையில் அப்படிப் பல தடவை போயிருக்கிறேன். நல்லவன் வேஷம் போட விரும்பவில்லை. அன்று என்னைத் திருப்பியது பெரிய மனசாட்சி ஒன்றும் இல்லை. வெளிச் சுற்றுகள்தானே அறுந்தன, உள்ளே இருப்பது முழுசாக இருக்கும், அறுந்த முனையைத் தேடி எடுத்தால் பேச வாய்ப்பு உண்டு என்று மூளை அப்போதுதான் சொன்னது. பதற்றம் தணிய அத்தனை நேரம் ஆயிற்று. இது முக்கியம். கெடுத்தவுடனே தோன்றுகிற முதல் யோசனை தப்பித்துப் போவதற்கான யோசனைதான். பழுது பார்க்கிற யோசனை பின்னால் மெதுவாக வரும். அது வருகிறவரை வாயைத் திறக்காமல், இடத்தை விட்டு எழுந்திருக்காமல் இருக்கப் பாருங்கள். நான் வாயையும் திறந்தேன், எழுந்தும் போனேன். அதனால் மேட்டில் ஒரு மணி நேரம் ஏற வேண்டியதாயிற்று. அந்த ஜீப்பிலேயே ஏறியிருக்கலாம் என்று வழி முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன்.

அண்ணாமலை வீட்டு வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். கவுண்டர் நடுவில்.

“வந்துட்டான்யா!” என்றார். “இன்னா மேஸ்திரி, என்கிட்ட ஆயிடுச்சுன்னே. இவன்கிட்ட போச்சுன்னியாம். எதுய்யா நெசம்?”

“ரெண்டும் பொய்யிங்க.”

அண்ணாமலையைப் பார்த்துச் சொன்னேன். “காயில் தானாப் போகல. நான் அவசரத்துல டேப்ப உரிச்சு அறுத்துட்டேன். சொல்லப் பயந்துகிட்டுப் போய்ட்டேன்.”

அண்ணாமலை எழுந்து கிட்டத்தில் வந்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

“கரடி கூட என் மூஞ்சிக்கு நேரா வந்துச்சுய்யா” என்றார்.

பையைக் கீழே இறக்கினேன்.

“மிச்சம் இருக்கற காயில பாக்கறேன். உள் சுத்து நல்லா இருக்கும்னு தோணுது. உறுதி சொல்ல முடியாது” என்றேன்.

“மறுபடியும் இவன் கையில குடுக்கறியா?” என்று கவுண்டர் கத்தினார்.

“வேற யாரு கீறாங்க மாமா?” என்ற அண்ணாமலை என்னிடம் திரும்பினார். “நான் பக்கத்துல குந்துவேன். ஒவ்வொண்ணையும் இன்னா பண்ணப் போறேன்னு என்கிட்ட சொல்லிட்டுப் பண்ணு. நான் ம் சொன்னாத்தான் கை வெக்கணும்.”

மணி நான்கு. கவுண்டர் ஜெனரேட்டரை அங்கேயே இறக்கி ஓட விடச் சொன்னார், சாலிடர் இரும்பு சூடாக வேண்டுமே. கோவில் ஜெனரேட்டரை வீட்டுக்கு எப்படிக் கொடுக்கலாம் என்று ஒருவர் கேட்டார். “ஆத்தாவுக்குத்தான்யா வாசிக்கப் போறான்” என்று கவுண்டர் வாயை அடைத்தார்.

“நூலு முனைய தேடப் போறேன்” என்றேன்.

“ம்.”

தேடினேன். கிடைக்கவில்லை. கண்ணாடி போட்டும் எனக்கு ஒரே செம்பு நிறமாகத்தான் தெரிந்தது. பச்சையம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தள்ளுங்க ண்ணா, நீங்க பேன் பாக்கறதுக்குக் கூட ஆவ மாட்டீங்க” என்றார். சாமையில் கல் பொறுக்கிய கண் அது. பானையிலிருந்து தேன்மெழுகைக் கிள்ளி ஊசி முனையில் உருட்டி ஒட்டினார். காயிலின் ஓரமாக அதை மெல்ல ஒற்றிக்கொண்டே போனார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது முறை ஊசியோடு ஒரு இழை எழுந்து வந்தது. ஊசியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, “இதுவா பாருங்க” என்றார்.

“மீட்டர் வெக்கப் போறேன்.”

“ம்.”

முள் எழுந்தது. பாதிக்கு மேல் போய் நின்றது.

இழையைச் சுரண்டி, ஒயரோடு சேர்த்துச் சாலிடர் வைத்தேன். புகை எழுந்ததும் வாசலிலிருந்து ஒரு கிழவர், “காப்புக் கட்டற நேரத்துல இன்னாத்தடா தாளிக்கிற?” என்றார். காப்புக் கட்டினால் ஊரில் யாரும் தாளிக்கக் கூடாது. “இன்னும் கட்டல பெரியப்பா, மூக்க மூடிக்கோ” என்றார் அண்ணாமலை. அன்று மதியத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வேடிக்கை அது. இழை அசையாமலிருக்க மேலே மெழுகையே தடவினோம். டேப்பை நான் தொடவில்லை.

எல்லாவற்றையும் மாட்டி, ஆம்ப்ளிஃபையரில் செருகியதும், அண்ணாமலை டியூபை மறுபடி கையில் கட்டிக்கொண்டு கம்பியைத் தட்டினார்.

சத்தம் இல்லை.

வாசலில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோவில் பக்கம் பம்பை தொடங்கிவிட்டது. வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

“இப்ப இன்னா பண்ணப் போற?” என்றார் அண்ணாமலை.

என் வாயில் நான்கைந்து பதில்கள் ரெடியாக இருந்தன. எல்லாமே தெரிந்த மாதிரி பேசுகிற பதில்கள். முப்பது வருடம் அதை வைத்துத்தான் பிழைத்தேன்.

“தெரியலங்க” என்றேன்.

“தெரியலையா? அப்ப நான் சொல்லட்டுமா? மொதல்லயே சொன்னேன். நீ எங்க கேட்ட?” டியூப் கட்டிய கையாலேயே கிட்டாரின் திருகைத் தொட்டார். “இத்த ஒரு எடத்துல புடிச்சா பேசும்.” அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுகையால் கம்பியைத் தட்டினார். கர்ரென்று ஒரு சத்தம் வந்து நின்றது. வந்தது!

வால்யூம் கண்ட்ரோல் தேய்ந்து போயிருந்தது. அவ்வளவுதான் பழுது, ஆரம்பத்திலிருந்தே. மதியம் என் மீட்டர் முள் அசையாததும் அதனால்தான். அந்தத் திருகைத் தாண்டித்தான் மீட்டர் காயிலைப் பார்க்க வேண்டும். திருகிலேயே வழி அடைத்திருந்தது. நல்ல காயிலைக் குற்றவாளி ஆக்கி, அறுத்து, ஓடி, திரும்பி வந்து ஒட்டவைத்து, கடைசியில் பொருளுக்குச் சொந்தக்காரர் முதல் வார்த்தையாகச் சொன்ன இடத்துக்கே வந்து சேர்ந்தேன்.

“திருகை விட்டுட்டு காயில நேரா ஒயர்ல சேக்கப் போறேன். சத்தத்த ஆம்ப்ளிஃபையர்லதான் கூட்டிக் கொறைக்க முடியும். கிட்டார்ல முடியாது.”

“ம். பச்சையம்மா பாத்துக்குவா அத்த.”

ஐந்து நிமிட வேலை. அண்ணாமலை இரும்புத் துண்டைக் கம்பிமேல் வைத்து இழுத்தார். பழைய குரல் இல்லை. சுற்று குறைந்ததால் கொஞ்சம் மெலிந்து, கூராக இருந்தது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். “மூக்கால பேசுது” என்று மனைவியிடம் சொன்னார். “நீ மட்டும் இன்னாவாம்” என்றார் பச்சையம்மா.

பூசாரி ஆள் அனுப்பினார். அண்ணாமலை கிட்டாரை ஒரு புடவையில் சுற்றி மார்போடு தூக்கிக்கொண்டார். நான் ஆம்ப்ளிஃபையரைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன். அம்மனுக்குக் காப்புக் கட்டியபோது நான் எல்லைக்கு உள்ளேதான் நின்றிருந்தேன். கட்டுகிறவர் என்னைப் பார்த்து, ‘மாட்டிக்கிட்டியா’ என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார்.

அண்ணாமலை கோவில் முன்னால் மணைப்பலகையில் உட்கார்ந்தார். முதல் இழுப்பில் கை வழுக்கிச் சுருதி தப்பியது. கூட்டத்தில் ஒரு சிரிப்பு கேட்டது. அவர் நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். பெண்கள் கும்மிக்குப் பாடுகிற பாட்டு அது, யாருக்கும் புதிதில்லை. அந்த இரும்புத் துண்டு ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு அறுபடாமல் வழுக்கிப் போனபோது, பாடுகிறவர் மூச்சு விடாமல் இழுப்பதுபோல இருந்தது. மூன்றாவது அடியில் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் சேர்ந்தது. அப்புறம் நிறையக் குரல்கள். பச்சையம்மா ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் குத்துக்காலிட்டு, புருஷன் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் வைத்துக்கொண்டிருந்தார். கவுண்டர் என் தோளில் பலமாக ஒரு தட்டுத் தட்டினார். பாராட்டா, மிச்சக் கோபமா, தெரியவில்லை. தோள் வலித்தது.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இரண்டு. கொண்டுவந்தவர் பேசி முடிக்கிறவரை கை கட்டி உட்காருங்கள். அவர் அந்தப் பொருளோடு வருடக்கணக்கில் இருந்தவர், நீங்கள் ஐந்து நிமிடம்தான். இரண்டாவது, செய்யப் போவதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அண்ணாமலை எனக்குத் தண்டனையாகத்தான் அதைக் கொடுத்தார். அதற்குப் பிறகு வேலையை விடுகிறவரை, எதிரில் ஆள் இல்லாதபோதும், நான் சொல்லிக்கொண்டுதான் கை வைத்தேன். தப்பான காரியத்தை வாய்விட்டுச் சொன்னால் காதுக்கே உறைத்துவிடும்.

மறுநாள் விடிந்ததும் அண்ணாமலை வீட்டுத் திண்ணையில் விழித்துக்கொண்டேன். வழக்கப்படி பையைத் தோளில் மாட்டிய பிறகுதான் போக முடியாது என்பது ஞாபகம் வந்தது. வாசலில் முன்னும் பின்னும் நடந்தேன். ஊரில் பழுதான டார்ச் எல்லாவற்றையும் முந்தின நாள் காலையிலேயே முடித்திருந்தேன். உள்ளே அண்ணாமலை அன்று சாயங்காலத்துக்கான பாட்டைப் பழகிக்கொண்டிருந்தார். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப இழுத்தார். இன்னும் ஏழு சாயங்காலங்கள் பாக்கி இருந்தன அவருக்கு.

பச்சையம்மா ஒரு தகர டப்பாவும் குச்சியும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“சாமை கதிர் முத்திடுச்சு ண்ணா. கரடி கடிச்சதுலேர்ந்து பரண் மேல குந்தி குருவி ஓட்டறது அவரு வேலதான். இந்த எட்டு நாளைக்கு அவரால ஆவாது. நீங்களும் ஒரு எடத்துல நிக்காம சுத்தி சுத்தி வர்றீங்க.”

“டப்பாவத் தட்டப் போறேன்” என்றேன்.

“ம்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

டப்பாவை எடுத்துக்கொண்டு சாமைக் கொல்லைக்குப் போய்ப் பரண்மேல் ஏறினேன்.